பதினோராவது வளைவு

அந்த நிழலுக்கு உரிய ஆளைக் காணோம்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அதை முதலில் பார்த்தபோது அவளுக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கார் பந்தய கேமின் புதிய பதிப்பு வெளியாக மூன்று வாரம்கூட இல்லை. அதில் இருக்கும் பதினான்கு பாதைகளில் பதின்மூன்று வாலைச் சுருட்டிக்கொண்டு ஒழுங்காக இருக்க, ஊருக்கெல்லாம் செல்லப்பிள்ளையான மலைச்சாலையில் மட்டும் இப்படி ஒரு கறை. அந்தச் சாலையில் எப்போதும் மாலை நாலு மணி வெயில். மரம், மைல்கல், தடுப்புச் சுவர் எல்லாவற்றின் நிழலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பதினோராவது வளைவின் ஓரத்தில், வடிகாலை ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு இன்னொரு நிழலும் அதே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை விழவைக்க அங்கே மரமும் இல்லை, கல்லும் இல்லை.

அலுவலகத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அவள் வேலையே அதுதான். கேமில் வரும் சாலைகளை யாரும் உட்கார்ந்து கற்பனையில் வரைவதில்லை. கூரைமேல் ஸ்கேன் கருவி வைத்த ஒரு வேன், நிஜமான சாலையில் மூன்று முறை மெதுவாகப் போய்வரும். கருவி சுற்றிலும் உள்ளதையெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக அளந்துகொள்ளும், கூடவே கேமரா படமும் எடுத்துக்கொள்ளும். ஆனால் எது சாலை, எது சாலையில்லை என்று கருவிக்குத் தெரியாது. நடந்து போகிறவர், குறுக்கே வந்த நாய், யாரோ போட்டுவிட்டுப் போன குப்பை எல்லாமும் சேர்ந்து வந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அழித்து, ஆளரவமில்லாத சுத்தமான சாலையாக்கிக் கொடுப்பது அவள். ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறாள், நன்றாகவே செய்கிறாள்.

ஆகவே இந்த நிழலும் பழைய படத்தில் தங்கிப்போன மிச்சம் என்று நினைத்தாள். பக்கத்திலிருந்த தார்த் துண்டைப் பிரதி எடுத்து அதன்மேல் ஒட்டினாள். இரண்டு நிமிட வேலை. டீ குடிக்கப் போனாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சமயத்தில், பாதைகளை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டர் அவள் மேசைக்கு வந்தான். நாள் முழுக்கச் சுற்று சுற்றாக ஓட்டி, நொடிக்கணக்கைத் தூக்கத்திலும் சொல்லும் அவனுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர்.

"அக்கா, மலைச்சாலை பதினொண்ணுல ஏதோ நிழல் கிடக்கு. வேகமா போனா தெரியல. இப்ப வழுக்கி ஓரத்துல நின்னேனா, அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு."

"அதக் காலையிலேயே துடைச்சிட்டேனே."

"அப்ப துடைப்பத்துல குச்சி உதிர்ந்து போச்சு. வந்து பாருங்க."

அவனுடைய இடத்தில் சூடேறிய ப்ளாஸ்டிக் வாசமும், யாரோ பாதியில் வைத்துவிட்ட காபி வாசமும் கலந்து அடித்தன. குளிர்சாதனம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. பெரிய திரையில், நாலு மணி வெயிலில், அந்த நிழல் காலையில் இருந்ததைவிட நீண்டு கிடந்தது. வடிகாலிலிருந்து புறப்பட்டு, சாலையோரத்து வெள்ளைக் கோட்டைத் தொட்டிருந்தது. தொட்ட நுனியில் ஐந்து கிளைகளாகப் பிரிந்திருந்தது.

"ஏதோ கிளையோட நிழல்," என்றாள்.

"கிளைன்னா மரம் வேணாமா அக்கா?" என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் துடைத்தாள். இந்த முறை சுற்றிலும் நாலடிக்குத் தாரையே மாற்றினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கணவர் சாப்பாட்டு மேசையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் நிஜமாகவே பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து. இரண்டு மாதத்துக்கு முன் டிப்போ படியில் வழுக்கி விழுந்து இடது காலில் மாவுக்கட்டு. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று புலம்பியவருக்கு, அவள்தான் கேம் ஸ்டீயரிங் ஒன்றை வாங்கி வந்து மேசை விளிம்பில் திருகி வைத்தாள். கூடவே தங்கள் கேமின் பழைய பதிப்பையும் போட்டுக் கொடுத்தாள். பதினான்கு பாதை இருந்தும் அவர் ஓட்டுவது மலைச்சாலை ஒன்றைத்தான். பந்தயத்தில் மற்ற கார்களெல்லாம் பறக்க, இவர் மட்டும் நாற்பதில் போய், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, தினமும் கடைசி ஆளாக வந்து சேருவார். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

"வாம்மா துடைப்பக்காரி," என்றார் திரும்பாமலே. "பதினோராவது வளைவுல ஆள் வச்சிருக்கீங்களே, அது யாரோட யோசனை?"

பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்த அவள் கை பாதியில் நின்றது.

"என்ன ஆள்?"

"கை காட்டி வண்டி கேக்குற ஆளு. ஆள் தெரியல, நிழல் மட்டும்தான் தெரியுது. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"நீங்க நிறுத்துனீங்களா?"

"பின்னே? கை தூக்குனதப் பாத்தா புத்திக்கு முன்னாடி காலு பிரேக்குக்குப் போயிடும். மூணு நாளா நிறுத்துறேன். ஏறத்தான் மாட்டேங்குறாங்க." அவர் குரலில் சிரிப்பு குறைந்தது. "மொத நாள் வடிகாலுக்குள்ளயே கிடந்துச்சு. நேத்து விளிம்புக்கு வந்துச்சு. இன்னைக்கு ரோட்டுமேல. நடக்க முடியல போல, பாவம். இழுத்துக்கிட்டு வருது."

பழைய பதிப்பு இரண்டு வருடத்துக்கு முன் வெளியானது. அதை அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. தொட வேண்டுமென்றால் அவள் வழியாகத்தான் தொட வேண்டும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு சுத்து ஓட்டுங்க, பாக்கறேன்," என்றாள்.

அவர் ஓட்டினார். ஸ்டீயரிங்குக்குள் இருந்த சின்ன மோட்டார் கரகரத்தது. வலித் தைலத்தின் வாசமும் மாவுக்கட்டுக்குள் அடைபட்ட வியர்வை வாசமும் அறையில் நின்றன. ஜன்னல் வெளிச்சம் மங்கி, திரையின் நாலு மணி வெயில் அவர் முகத்தில் மஞ்சளாக ஏறி இறங்கியது. எட்டாவது வளைவு, ஒன்பது, பத்து. வேகம் குறைந்தது. கார் ஓரம் கட்டி நின்றது. மற்ற கார்களின் இரைச்சல் மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தேய்ந்து, என்ஜின் துடிப்பு மட்டும் மிச்சமிருந்தது.

வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், தார்மேல், ஒரு கையின் நிழல். முழங்கை, மணிக்கட்டு, விரித்த ஐந்து விரல்.

அவர் காத்திருந்தார், ஸ்டாப்பில் வயதானவர்களுக்காகக் காத்திருப்பாரே, அந்தப் பொறுமையோடு. அவள் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் அசையவில்லை. அப்புறம், நிழலின் ஒரு விரல் மடங்கியது.

அவள் டிவியை அணைத்தாள்.

"ஏய், ஸ்டாப்புல ஆள் நிக்குது!" என்று அவர் சிரித்தார்.

அன்று இரவு தூங்கினாளா என்றால், படுத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். காலை ஏழரைக்கு, காவலாளி விளக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் தன் மேசையில் இருந்தாள். "இன்னைக்கு அந்த கேமைத் தொடவே கூடாது" என்று கணவரிடம் மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். அவரும் சரி சரி என்று தலையாட்டியிருந்தார்.

வேன் எடுத்து வந்த ஆதி ஸ்கேனைத் தனியாகப் பூட்டி வைத்திருப்பார்கள். அதை யாரும் மாற்ற முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். அவளுக்கு அதைத் திறக்கக் கை வரவில்லை. ஏனென்றால் நடுராத்திரியில் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அழிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போட வேண்டும். ஆள், விலங்கு, வண்டி, மூட்டை. ஆள் என்று போட்டால் தொல்லை. முகம் தெரிகிறதா, அடையாளம் தெரிகிறதா என்று இரண்டு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும், இன்னொருவர் வந்து சரிபார்க்க வேண்டும். மூட்டைக்கு அதெல்லாம் கிடையாது. அதனால் தூரத்தில் தெளிவில்லாமல் கிடப்பதையெல்லாம் மூட்டை என்று போட்டுத் தள்ளுவது இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் பழக்கம். இரண்டரை வருடத்துக்கு முன், வேன் போய்வந்த மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நானூறு சொச்சம் உருப்படிகளில் நாற்பது மிச்சமிருந்தது. பதினோராவது வளைவு வடிகாலில் சாம்பல் நிறத்தில் ஏதோ குவியலாகத் தெரிந்தது. அவள் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. மூட்டை என்று போட்டாள். அழித்தாள். ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

திறந்தாள்.

வேன் முதல் முறை போனது மூன்று நாற்பதுக்கு. வடிகாலுக்குள், சாலையில் நடப்பவர் கண்ணுக்கும் வேன் டிரைவர் கண்ணுக்கும் தெரியாத ஆழத்தில், கூரைமேல் இருந்த கருவிக்கு மட்டும் தெரியும்படி, ஒருக்களித்துக் கிடந்தது ஓர் உடம்பு. முழங்கால் மடங்கியிருந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை, எல்லாம் சாம்பல் புள்ளிகள்.

இரண்டாவது முறை, நாலு மணி. கை தூக்கியிருந்தது. வேனைப் பார்த்து. ஐந்து விரலும் விரிந்து.

மூன்றாவது முறை, நாலு இருபத்தைந்து. கை விழுந்திருந்தது. விரல்கள் மட்டும் வடிகாலின் விளிம்புக்கு வெளியே.

மூட்டை கை தூக்காது. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்ற ஆசையில் உயிரோடு இருந்த ஒரு மனிதரைப் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். அன்றைக்கே பார்த்திருந்தால் ஒருவேளை யாராவது போய்த் தூக்கியிருக்கலாம். தூக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் பார்த்திருக்கலாம்.

மேனேஜர் ஒன்பதரைக்கு வந்தார். நிதானமான பெண்மணி, எதற்கும் குரலை உயர்த்தாதவர். அவள் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்தப் பாதையைத் தூக்கிடுங்க மேடம். புதுசுலயும் வேணாம், பழசுலயும் வேணாம்."

"என்ன பேசுறீங்க? பாதிப் பேர் அந்த ஒரு பாதைக்காகத்தான் கேமையே வாங்குறாங்க. தூக்குனா நம்மள உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"என் வீட்டுக்காரர் அங்க வண்டியை நிறுத்துறார் மேடம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று மேனேஜர் கேட்கவில்லை. "அந்த ஸ்கேனைக் காட்டுங்க," என்று மட்டும் சொன்னார்.

காட்டினாள். முதல் முறை: மடங்கிய முழங்கால். மேனேஜர் முன்னால் குனிந்தார். இரண்டாவது முறை: தூக்கிய கை. "கடவுளே," என்றார். மூன்றாவது முறை: வடிகால் காலியாக இருந்தது.

"இங்கதானே கிடந்துச்சு," என்றாள் அவள். இரண்டாவதுக்குத் திரும்பினாள். காலி. முதலாவதுக்குத் திரும்பினாள். காய்ந்த சருகு, சேறு, சிமெண்ட் சுவர். யாராலும் மாற்ற முடியாத ஃபைல். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"போலீசுக்குச் சொல்லணும் மேடம்."

"சொல்லலாம். சட்டப் பிரிவுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லலாம். எதைக் காட்டிச் சொல்றது, இப்ப ஒண்ணுமே இல்லையே? மொதல்ல பாதையைத் தூக்குங்க."

அவள் சரி என்றாள். மறுத்துப் பேசியிருக்கலாம், பேசவில்லை. அந்த நேரத்தில் அவள் மனதில் வடிகாலில் கிடந்தவர் இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் தன் ஆள்தான் இருந்தார். சாலைப் படங்களுக்கான உரிமம் முடிந்துவிட்டதால் மலைச்சாலை நீக்கப்படுகிறது, ரசிகர்களின் ஏமாற்றத்தை உணர்கிறோம் என்று பத்து நிமிடத்தில் ஓர் அறிவிப்பு எழுதப்பட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பாதையை அழிக்கும் அப்டேட்டைத் தயார் செய்து முடிக்கும்போது பிற்பகல் மூன்றரை மணி ஆகிவிட்டது. கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டியவள் அவள்தான். அழுத்துவதற்கு முன் வீட்டுக்குப் போன் செய்தாள்.

நீண்ட நேரம் மணி அடித்தது. எடுத்தார். பின்னணியில் என்ஜின் சத்தம்.

"தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"மெதுவாப் பேசு," என்றார். வண்டி நிறைய ஆள் இருக்கும்போது பேசும் குரல். "ஏறிட்டாங்க."

"யாரு?"

"தெரியல. பின்னால உக்காந்திருக்காங்க. எங்க இறங்கணும்னு கேட்டேன். பதில் இல்ல."

"ஸ்விட்சை அணைங்க. எந்திரிங்க அங்கேருந்து."

"கை வரல." மூச்சு வாங்கியது. "ஸ்டீயரிங்கை விட்டுக் கை வரல. பதினொண்ணு முடிஞ்சா பன்னண்டு வரணுமில்ல? திரும்பவும் பதினொண்ணே வருது. எத்தனை தடவை... நான் அணைக்கத்தான் வந்தேன். சத்தியமா. ஒருத்தர் கை தூக்கிட்டு நிக்கும்போது எப்படிம்மா?"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் பட்டை நிரம்பியது. முதலில் மரங்கள் போயின. தடுப்புச் சுவர். மலை. போனில் என்ஜின் சத்தம் இன்னும் கேட்டது. ஸ்டாப்வாட்ச் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். எண்பது. தொண்ணூறு. என்ஜின் நின்றது.

"ரோடு போயிடுச்சு," என்றார் அவர். தொடர்பு அறுந்தது.

டாக்சியில் இருபது நிமிடம். மறுபடி மறுபடி போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வழியெல்லாம் வெயில். கடைகளில் ஆட்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது.

படி. இரண்டாவது மாடி. சாவி நழுவியது. மறுபடி.

கதவு திறந்ததும் முதலில் வந்தது வாசம். சேறு. அழுகிய இலை. பல நாள் தேங்கிய தண்ணீர்.

மேசையின் முன் அவர் இருந்தார். நிமிர்ந்து. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். திரையில் கறுப்பு, நடுவே ஒரு வரி: இந்தப் பாதை இப்போது கிடைக்காது.

"வந்துட்டியா?" திரும்பாமல் கேட்டார்.

"வந்துட்டேங்க."

"பின்னால யாராவது இருக்காங்களா பாரு. என்னால திரும்ப முடியல."

பார்த்தாள். சுவர். கடிகாரம். மடிக்காத துணி கிடந்த நாற்காலி. ஜன்னல்.

"யாரும் இல்லைங்க."

"நல்லாப் பாரு."

"யாருமே இல்ல."

அவர் நெஞ்சிலிருந்து நீளமாக மூச்சு வந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கை விலகியது. அப்புறம் இன்னொன்று. அவள் ஓடிப்போய் பின்னால் நின்று அவருடைய இரண்டு தோளையும் பிடித்தாள். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. உயிரோடு இருக்கிறார். சூடாக இருக்கிறார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டு கையையும் எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வலிக்குதும்மா," என்று அவர் லேசாகச் சிரித்தார். "விடு. வலது தோளை ஏன் இப்படி இறுக்குற?"

அவளுடைய இரண்டு கையும் அவள் முகத்தில் இருந்தன.

அவருடைய வலது தோளில் சட்டைத் துணி அமுங்கியிருந்தது. ஐந்து இடத்தில். ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் சேற்று ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அங்கே கை இல்லை. மணிக்கட்டு இல்லை. எதுவுமே இல்லை. அவள் நன்றாகத் துடைத்திருந்தாள்.

"ம்... இப்ப சரி," என்றார் அவர். துணி மெல்ல நிமிர்ந்தது.

அவள் அசையவில்லை. வாசம் நகர்ந்தது. பக்கத்தில் வந்தது.

அவளுடைய இடது கையில், முழங்கைக்குச் சற்று மேலே, சட்டையில் ஒரு பள்ளம் விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. ஐந்தும் இறுகிய பிறகு அது அவளைக் கீழே இழுத்தது, மெதுவாக, எழுந்து நிற்கப் பிடிமானம் தேடுகிறவரின் முழுக் கனத்தோடு.